ஸ்ரீரங்கத்து அடுக்களையில் ஆப்பிரிக்கா

திருச்சிராப்பள்ளிச் சத்திரம் பஸ் நிலையத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போய்ச் சேர அதிக நேரம் பிடிக்காது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஒரு மனிதன் அடையக்கூடிய பெரிய பாக்கியம் உட்கார இடம் கிடைப்பதுதான். ஆகையால், சென்ற மாசி மாதக் கடைசியில் ஒரு நாள் மாலை, படிக்கட்டு வரையில் ஜனங்கள் நெருக்கியடித்து நின்றுகொண்டிருந்த பஸ்ஸில், நட்டநடுவே ஓர் ஆசனம் காலியாக இருந்ததைப் பார்த்ததும், இது என்ன மாயம் என்று திகைத்துப் போனேன்.

மாயம் ஒன்றுமில்லை. ஜன்னலோரத்தில் நெடிய உருவமும் சுருண்ட கேசமுமாக ஓர் இளைஞர் மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆப்பிரிக்க தேசத்தவர் என்பது பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்தது. அவருக்கு அடுத்த இடந்தான் காலி. நான் அதில் போய் உட்கார்ந்ததற்குக் காரணம் என்னுடைய விசால மனப்பான்மை என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். முழங்கால் வலி.

1893-ஆம் ஆண்டில் மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் காந்திஜியை முதல் வகுப்பு வண்டியிலிருந்து இறக்கிவிட்ட கதையை நம் குழந்தைகளுக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறோம். திருச்சி பஸ்ஸில் யாரும் யாரையும் இறக்கிவிடவில்லை. பக்கத்தில் உட்காரவில்லை, அவ்வளவுதான்.

காவேரிப் பாலம் வருவதற்குள் பேச்சு ஆரம்பமாகிவிட்டது. அவர் பையைத் திறந்து ஒரு பொட்டலத்தைக் காட்டினார். உள்ளே சிவப்புக் காராமணி. "இதில் வெள்ளையாக, நடுவிலே கறுப்புக் கண் வைத்தது இங்கே கிடைக்குமா?" என்று பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகக் கேட்டார். காந்தி மார்க்கெட்டில் நாலு கடை ஏறி இறங்கினாராம். எதற்காக என்று விசாரித்தேன். 'அகரா' செய்வதற்காக என்றார். அகரா என்றால் என்ன? காராமணியை ஊற வைத்து, தோலைப் போக்கி, அரைத்து, வெங்காயமும் மிளகாயும் சேர்த்து எண்ணெயில் பொரிப்பது. "அப்பா! அதற்கு எங்கள் ஊரில் வடை என்று பெயர்" என்றேன். "தெரியும், இரண்டு வருஷமாக அதைச் சாப்பிட்டுத்தான் உயிர் வாழ்கிறேன்" என்று சிரித்தார்.

அவர் நைஜீரியா தேசத்தவர், யொருபா வகுப்பினர். இந்த ஊர்க் கல்லூரி ஒன்றில் எஞ்சினீயரிங் படிக்கிறார். விடுதிச் சாப்பாடு அலுத்துப்போய், தாமே சமைத்துச் சாப்பிட ஓர் அறை கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தார். ஆறு வீடுகள் பார்த்தாயிற்று. ஐந்து வீடுகளில் முகத்தைப் பார்த்ததுமே, "இப்பொழுதுதான் வேறொருவருக்குக் கொடுத்தோம்" என்றார்கள். ஆறாவது வீட்டுக்காரர் உண்மையைச் சொல்லும் சுபாவமுள்ளவர். "உங்கள் தேசத்துச் சமையல் நாற்றம் எங்களுக்கு ஒத்துக்கொள்ளாது" என்று கூறிவிட்டார்.

மாமிசம் சமைக்காத வீட்டில் குடியிருப்பவரும் சமைக்கக் கூடாது என்று ஒருவர் நிபந்தனை போட்டால் அதை நான் குறை சொல்ல மாட்டேன். இந்த மனிதர் நிபந்தனை எதுவும் போடவில்லை. உங்கள் சமையல் இன்னது என்று கேட்கவுமில்லை.

ஆகவே நான் கேட்டேன். உங்கள் தாயார் வீட்டில் என்ன சமைப்பார்? அவர் விரலை மடக்கிச் சொன்னார்: அகரா, அதே காராமணி மாவை இலையில் கட்டி ஆவியில் வேக வைக்கும் 'மொய் மொய்', வெண்டைக்காய்க் குழம்பு, தானியத்தைப் புளிக்க வைத்துக் காய்ச்சும் 'ஓகி' என்னும் கூழ். மீனும் இறைச்சியும் உண்டு என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். கேட்கக் கேட்க எனக்கு வியப்பாயிருந்தது. இரண்டு நாளில் காரடையான் நோன்பு. ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் இருக்கும் என் அத்தை வீட்டில் அன்றைக்கு என்ன சமைப்பார்கள்? அரிசி மாவும் காராமணியும் சேர்த்துத் தட்டி, இலையில் வைத்து ஆவியில் வேக வைத்த அடை!

"நோன்பன்று வாருங்கள். வெள்ளைக் காராமணி வாங்கி வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். பஸ் போன பிறகுதான், அத்தையைக் கேட்காமல் அழைத்துவிட்டோமே என்ற பயம் பிடித்துக்கொண்டது.

ஸ்ரீரங்கத்தைப் பற்றி நான் புதிதாக வர்ணிக்க வேண்டியதில்லை. 1987-இல் கட்டி முடித்த ராஜகோபுரம், அதற்குள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றி வரும் வீதிகள், கதம்பமும் துளசியும் மணக்கும் கடைகள், அம்மா மண்டபத்துப் படித்துறை எல்லாம் நேயர்களுக்குத் தெரிந்தவையே. நான் அடைந்த க்ஷேத்திரம் அத்தையின் அடுக்களைதான். அங்கே ஸ்நானம் செய்யாமல் நுழைய எனக்கே அநுமதி கிடையாது. மறுநாள் காலையில் குளித்துவிட்டு உள்ளே போய் அலமாரிப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கத் தொடங்கினேன்.

"என்னடா தேடறே?" என்றாள் அத்தை.

"ஆப்பிரிக்காவைத் தேடுகிறேன், அத்தை" என்றேன்.

முதல் டப்பாவில் கேழ்வரகு மாவு. கேழ்வரகின் பிறந்தகம் எதியோப்பியா, உகாண்டாப் பக்கத்து மேட்டு நிலங்கள். அடுத்தது கம்பு. மேற்கு ஆப்பிரிக்காவில், சகாரா பாலைவனத்தின் தென்விளிம்பிலுள்ள மாலி தேசத்தில், சுமார் 4500 ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் கம்பு பயிரிட்டதற்கு மண்பாண்டச் சில்லுகள் சாட்சி சொல்லுகின்றன. சோளம் சூடான் நாட்டுப் பயிர். அங்கே 5000 ஆண்டுகளுக்கு முந்திய பானை ஓடுகளில் அதன் உமி பதிந்திருக்கிறது. காராமணியும் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்ததே. மொச்சையின் காட்டு இனம் இன்றும் ஆப்பிரிக்காவில் முளைக்கிறது. பித்தளை டவராவில் ஆறிக்கொண்டிருந்த காப்பியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதன் பூர்வீகம் எதியோப்பியக் காடுகள். பாபா புதன் என்னும் பெரியவர் பதினேழாம் நூற்றாண்டில் ஏமன் தேசத்திலிருந்து ஏழு விதைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது கர்ண பரம்பரை.

இவ்வளவையும் அத்தை பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். ஆனால் நான் புளிப் பானையைத் தொட்டபோது அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"புளியுமா? ஆழ்வார்திருநகரியிலே நம்மாழ்வார் எழுந்தருளியிருந்தது புளியமரத்தடியிலேடா!"

அது சத்தியம். அந்தத் திருப்புளியமரத்தைச் சேவிக்காத வைஷ்ணவர் இல்லை. பெருமாள் கோயில் புளியோதரைக்கு ஈடான பிரசாதமும் இல்லை. அராபியர்கள் இந்தப் பழத்தைக் கண்டு 'ஹிந்து தேசத்துப் பேரீச்சை' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரேதான் ஐரோப்பிய பாஷைகளிலும் 'டாமரிண்ட்' என்று வழங்குகிறது. எனினும் தாவர சாஸ்திரிகளைக் கேட்டால் புளியமரத்தின் தாயகம் உஷ்ண ஆப்பிரிக்கா என்கிறார்கள். மரம் எப்பொழுதோ இங்கே வந்து வேரூன்றி, ஆழ்வாருக்கு நிழல் கொடுக்கும் யோக்கியதையும் பெற்றுவிட்டது.

ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. நம் வீடுகளில் சிரார்த்தத்திற்கு உருளைக்கிழங்கு, தக்காளி, முட்டைகோசு முதலியவற்றை அண்டவிட மாட்டார்கள். சீமைக் காய்கறி என்று ஒதுக்கிவிடுவார்கள். மிளகாய்க்குக்கூட அங்கே இடமில்லை, மிளகுதான். மிளகாய் அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் மூலமாக வந்தது. ஆதலால் இந்த ஆசாரத்திற்கு ஒரு சரித்திர ஞானம் இருக்கிறதென்றே சொல்ல வேண்டும். ஆனால் அதே சிரார்த்தத்தில் பயத்தங்காய்க்கு முதல் மரியாதை! பயத்தங்காய் என்பது காராமணியின் நீண்ட காய்தானே? ஆப்பிரிக்க விருந்தாளிகள் நாம் ஜாபிதா தயாரிப்பதற்கு முன்னாலேயே உள்ளே வந்து இலையில் உட்கார்ந்துவிட்டார்கள். துங்கபத்திரை நதிக்கரையில் ஹல்லூர் என்ற இடத்தில் பூமியைத் தோண்டியபோது, கிறிஸ்து பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்திய மண்ணடுக்கில் கம்பு கிடைத்திருக்கிறது.

நம்முடையவை ஒன்றுமே இல்லையா என்று யாரும் மனம் வருந்த வேண்டாம். உளுந்தும் பயறும் கொள்ளும் இந்தத் தேசத்தின் சொந்தப் பிள்ளைகள். மிளகு நம்முடையது. கொடுக்கல் வாங்கலில் நாமும் கொடுத்திருக்கிறோம். அத்தை வீட்டிலிருந்து ஆற்றைத் தாண்டினால் உறையூர். சோழர் பழைய தலைநகராகிய அந்த ஊரின் மெல்லிய துணியை, முதல் நூற்றாண்டில் எகிப்திலிருந்து புறப்பட்ட ஒரு கிரேக்க மாலுமி 'அர்காரு' என்ற பெயரால் எழுதி வைத்திருக்கிறான். எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் ஒரு பெரிய இந்திய ஜாடி நிறைய மிளகு அகப்பட்டது. அரிசியும் பச்சைப் பயறும் அகப்பட்டன. அதற்கு வடக்கே குஸைர் அல்கதீம் என்னும் துறையில் கிடைத்த ஒரு பானை ஓட்டிலே தமிழ் எழுத்தில் 'பானை ஒறி' என்று பொறித்திருக்கிறது. ஒறி என்பது உறி. யாரோ ஒரு தமிழன், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, ஆப்பிரிக்கக் கரையில் உறி கட்டிப் பானையைத் தொங்கவிட்டுச் சமையல் செய்திருக்கிறான். அவனுக்கு இருக்க அறை கொடுத்த புண்ணியவான் யாரோ!

நோன்பு தினம் வந்தது. நான் விஷயத்தை முதல் நாள் இரவுதான் அத்தையிடம் மெதுவாக அவிழ்த்தேன். "வரச் சொல்லிட்டே, இனிமே என்ன கேள்வி? அடுக்களைக்குள்ளே மட்டும் விட மாட்டேன்" என்றாள். அது அவள் எனக்கும் விதிக்கும் சட்டம் ஆதலால் நான் ஆட்சேபிக்கவில்லை.

இளைஞர் சொன்ன நேரத்துக்கு வந்தார். ரேழியைத் தாண்டி முற்றத்துக்கு வந்தவர், அத்தையைக் கண்டதும் கைப்பையை ஓர் ஓரமாக வைத்துவிட்டு, நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்து வணங்கினார்! நான் சொல்லிக் கொடுத்திருப்பேன் என்று அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு ஒன்றும் தெரியாது. யொருபா மக்களிடையே ஆண்பிள்ளைகள் பெரியவர்களைக் கண்டால் இப்படித்தான் நமஸ்கரிக்க வேண்டும் என்பது பழைய முறை என்று அவர் பின்னால் விளக்கினார். அத்தைக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "நன்னா இருப்பா" என்றவள் என் பக்கம் திரும்பி, "நம்மாத்துப் பிள்ளைகள் இதை மறந்து எத்தனை வருஷமாச்சு?" என்றாள். இந்தக் கேள்வி யாரைக் குறித்தது என்பதை நான் ஆராயவில்லை.

முதலில் நோன்பு அடை. வெல்ல அடை ஒன்றும் உப்பு அடை ஒன்றும் வெண்ணெயுடன் இலையில் வந்தன. அவர் உப்பு அடையைப் பிட்டுப் பார்த்து, உள்ளே வெந்திருந்த காராமணியை விரலால் தொட்டு, வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மொய் மொய்க்குத் தங்கை" என்றார்.

அகராவை முற்றத்தில் தனி அடுப்பு வைத்துச் செய்தோம். நேயர்கள் வீட்டிலும் செய்து பார்க்கலாம் என்பதனால் அவருடைய முறையை எழுதுகிறேன். இரண்டு ஆழாக்கு வெள்ளைக் காராமணியை முக்கால் மணி நேரம் ஊறப் போட வேண்டும். பிறகு இரு உள்ளங்கைகளுக்கிடையே கசக்கினால் தோல் கழன்றுவிடும். நீரை நிறைய விட்டால் தோல் மிதக்கும். உளுந்து களைந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. தோல் நீக்கிய பருப்பை இன்னும் இரண்டு மணி நேரம் ஊற விட்டு, தண்ணீர் மிகக் குறைவாகத் தெளித்து வெண்ணெய் போல் அரைக்க வேண்டும். அதன் பிறகுதான் சூட்சுமம் இருக்கிறது. அரைத்த மாவை ஒரே பக்கமாக, கை ஓயும் வரையில் அடிக்க வேண்டும். காற்று ஏறி மாவு வெளுத்துப் பொங்கும். பொடியாக நறுக்கிய வெங்காயம், மிளகாய், உப்பு ஆகியவற்றை எண்ணெய் காய்ந்த பிறகே சேர்க்க வேண்டும். முன்னால் சேர்த்தால் மாவு நீர்த்துவிடும். கரண்டியால் எடுத்து எண்ணெயில் விட்டால் உருண்டையாகப் பொங்கி எழும். அவர்கள் ஊரில் செம்பனை எண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் பொரிப்பார்களாம். நாங்கள் கடலை எண்ணெயை உபயோகித்தோம். துளை கிடையாது. மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. உளுந்து வடையைவிட இலேசாக இருக்கிறது என்று பாரபட்சமில்லாமல் சொல்லுவேன்.

இந்தப் பலகாரம் அடிமைக் கப்பல்களில் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி பிரேஸில் தேசத்துக்கும் போயிருக்கிறது. பாயியா மாகாணத்து வீதிகளில் இன்றும் வெள்ளைச் சேலைபோன்ற ஆடை அணிந்த ஸ்திரீகள் அதை 'அகராஜே' என்று விற்கிறார்கள். எல்லாம் பறிபோன மனிதர்கள் கைப்பழக்கத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார்கள் போலும்.

அத்தை தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். "வெங்காயம் இல்லாமே வராதோ?" என்றாள். "வரும், மாமி" என்று அவர் தனியாக எடுத்து வைத்திருந்த மாவில் இஞ்சியும் மிளகும் தட்டிப் போட்டு நாலு போட்டார். அத்தை ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். விரதப் பலனைப் பற்றிய கவலை அவள் முகத்தில் தெரிந்தது. ஆயினும் இரண்டாவதையும் எடுத்துக்கொண்டாள்.

வெண்டைக்காயைப் பற்றி இருவருக்கும் ஒரு வாக்குவாதம் நடந்தது. வெண்டைக்காயின் பிறப்பிடம் ஆப்பிரிக்காவா, நமது பக்கமா என்று பண்டிதர்களுக்குள் இன்னும் தீரவில்லை. ஆனால் 'ஓக்ரா' என்ற ஆங்கிலப் பெயர் நைஜீரியாவின் இக்போ பாஷைச் சொல். யொருபாவில் 'இலா'. நம் பெண்மணிகள் வெண்டைக்காயின் கொழகொழப்பைப் போக்க மோர் விடுகிறார்கள், புளித் தண்ணீர் தெளிக்கிறார்கள், வெயிலில் வாட்டுகிறார்கள். அவர்களோ கொழகொழப்பு போதாதென்று ஒருவகை உப்பைப் போட்டு அதை அதிகப்படுத்துகிறார்களாம்! களியை உருட்டி அந்தக் குழம்பில் தோய்த்தால் தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்குவதற்கு அது வேண்டும் என்று அவர் சொன்னார். அத்தை காதைப் பொத்திக்கொண்டாள். இந்த விஷயத்தில் நான் அத்தை கட்சி.

களியென்றதும் ஞாபகம் வருகிறது. உகாண்டாவில் கேழ்வரகு மாவைக் கொதிநீரில் போட்டுத் துடுப்பால் கிளறி எடுப்பதற்குக் 'கலோ' என்று பெயர். நம் துறையூர், மணப்பாறைப் பக்கத்துக் கிராமங்களில் கிண்டும் களிக்கும் அதற்கும் பேரைத் தவிர வித்தியாசம் அதிகமில்லை. வட நைஜீரியாவில் ஹௌஸா மக்கள் கம்பு மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, சுக்கு தட்டிப் போட்டு, புளிக்கரைசல் விட்டுக் குடிக்கிறார்கள். கம்பங்கூழுக்கு நாம் மோர் விடுகிறோம். ஒரு நாள் புளி விட்டுப் பாருங்கள். கோடைக்கு நன்றாகவே இருக்கிறது, நான் சோதித்துவிட்டேன். எதியோப்பியாவின் 'இன்ஜெரா' இரண்டு மூன்று நாள் புளித்த மாவை மண் ஓட்டில் வட்டமாக வார்த்து, திருப்பிப் போடாமல் மூடி எடுக்கும் பெரிய தோசை. அதற்குரிய 'டெஃப்' என்ற தானியம் நமக்குச் சுலபமாகக் கிடைக்காது. அங்கேயே கேழ்வரகு கலந்து வார்ப்பவர்களும் உண்டு என்பதனால் நாமும் அப்படிச் செய்யலாம்.

1860-இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பலில் ஏறிக் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற நம்மவர்கள் நேட்டாலில் இறங்கியபோது, அந்த ஊர் ஜூலுக்கள் மக்காச்சோள மாவை உதிரி உதிரியாக வேக வைத்துச் சாப்பிடுவதைக் கண்டார்கள். அதற்குப் பெயர் என்ன தெரியுமா? 'புத்து'! நம் புட்டுக்கும் அதற்கும் சொந்தம் இருக்கிறதா என்ற ஆராய்ச்சியைப் பண்டிதர்களுக்கு விட்டுவிடுகிறேன். அங்கே நம்மவர்களுக்கு இருக்க இடமும் நடக்கப் பாதையும் இல்லையென்று சட்டம் போட்டார்கள். அதை எதிர்த்துச் சிறை சென்று, காய்ச்சலோடு வெளிவந்து, 1914-இல் உயிர் நீத்த தில்லையாடி வள்ளியம்மைக்கு நாம் சிலை வைத்திருக்கிறோம்.

விளக்கேற்றும் நேரத்தில் இளைஞர் விடைபெற்றார். மறுபடியும் நமஸ்காரம். அத்தை வெல்ல அடை நாலை இலையில் கட்டிக் கொடுத்து, "எங்கேப்பா தங்கியிருக்கே?" என்று கேட்டாள். அவர் விடுதியின் பெயரைச் சொன்னார். அறை தேடியதையும் ஆறு வீட்டுக் கதையையும் சொல்லவில்லை. நான் சொன்னேன். அத்தை ஒன்றும் பேசாமல் வாசல் கோலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அத்தை வீட்டு மாடி அறை இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதற்குத் தனியாக வெளிப்படிக்கட்டு இருக்கிறது, குழாய் இருக்கிறது. அன்று மாலை அதைப் பற்றி அத்தை வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அவருடன் ஒன்றாம் நம்பர் பஸ் நிற்கும் இடம் வரையில் நடந்தேன். பஸ்ஸில் கூட்டம் அதிகமில்லை. எல்லோருக்கும் இடம் இருந்தது.

காலையில் நான் ஊருக்குக் கிளம்பும்போது மாடியிலிருந்து துடைப்பச் சத்தம் கேட்டது. ஏறிட்டுப் பார்த்தேன்.

"பெருக்கச் சொல்லியிருக்கேன்" என்றாள் அத்தை. "விடப்போறேன்னு யாரும் சொல்லலை. பெருக்கச் சொல்லியிருக்கேன், அவ்வளவுதான்."